மார்கழிக் குட்டிக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஆடிக் கிருத்திகைக் காவடிகள் ஏறும் நாட்களில் சினைப்பட்ட செம்மறி ஆடு, டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழாவில் 365 படிகளுக்கும் பூசை நடக்கும் சமயத்தை ஒட்டிக் குட்டி போடும். இடையில் ஏறத்தாழ 150 நாள். மழை ஓய்ந்து தரிசில் புல் மிஞ்சியிருக்கும் காலம் என்பதால் தாய்க்கு வயிறு காயாது. ஆனால் விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் அப்போதுதான். ஒரே பட்டியில், ஒரே விடியலில் இரண்டு குட்டிகள் பிறக்கின்றன. ஒன்று அரை மணி நேரத்துக்குள் தள்ளாடி எழுந்து மடியைத் தேடிப் பிடித்துவிடுகிறது. மற்றொன்று எழப் பார்த்து விழுகிறது. வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் அடங்கிவிடுகிறது. ‘பனி அடிச்சிடுச்சு’ என்று சொல்லிப் புதைத்துவிடுகிறார்கள். அதே பனி முதல் குட்டியை ஏன் அடிக்கவில்லை?

உண்மையில் வியக்க வேண்டியது பிழைத்த குட்டியைப் பார்த்துத்தான். தாயின் வயிற்றுக்குள் அது 39 டிகிரி வெந்நீரில் கிடந்தது. வெளியே வந்ததும் நனைந்த உடம்பு, வெறும் வயிறு, ஊதல் காற்று. எடை இரண்டரை கிலோ சொச்சம்தான். உடல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும். போர்த்திக்கொள்ளக் கம்பளியும் கிடையாது. இந்தப் பக்கத்து மெட்ராஸ் சிவப்பு ஆடும் சரி, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நெல்லூர் ஆடும் சரி, கட்டை மயிர் கொண்டவை. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது; இரண்டு இனங்களும் இங்கே கலந்து மேய்வதில் வியப்பில்லை. அப்படி ஒரு மயிர்க்குட்டி, முதல் சொட்டுச் சீம்பால் இறங்கும் முன்பே, உடல் சூட்டை 39 டிகிரியில் பிடித்து நிறுத்துகிறது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போனால், குட்டியின் கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பிக்கும், தாய் ஐந்து மாதம் மேய்ந்த மண்ணுக்கும் போய்ச் சேர்வோம். பனியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த மண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

நடுங்காமல் வரும் சூடு

குளிர்ந்தால் நடுங்குவோம், தசை அசைந்தால் சூடு பிறக்கும். பிறந்த குட்டியும் நடுங்குகிறது. ஆனால் அதன் சூட்டில் ஏறக்குறைய பாதிதான் நடுக்கத்தால் வருகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் 1960-களில் குட்டிகளைக் குளிர் அறையில் வைத்து அளந்து கண்டார்கள். மீதிப் பாதியைத் தருவது சிறுநீரகங்களைச் சுற்றிப் படிந்திருக்கும் பழுப்புக் கொழுப்பு. நாம் கறிக்கடையில் பார்க்கும் வெள்ளைக் கொழுப்பு ஒரு சேமிப்பு. பழுப்புக் கொழுப்பு தன்னையே எரித்துச் சூடாக்கும் திசு. இரும்புச் சத்துள்ள நுண்ணுறுப்புகள் அதில் நிறைந்திருப்பதால்தான் அந்த நிறம். குட்டி பிறந்து ஒரு மாதத்துக்குள் அது பெரும்பாலும் வெள்ளைக் கொழுப்பாக மாறிவிடும். ஆகவே அதன் வேலையெல்லாம் முதல் சில நாட்களில்தான், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான்.

கொழுப்பு இருந்தால் மட்டும் போதாது. அது எரிவதற்கு உத்தரவு வேண்டும். குளிர் பட்டதும் நரம்புகள் உடனடி உத்தரவைத் தருகின்றன. ஆனால் எரிக்கும் சாதனமாகிய புரதத்தைக் கொழுப்புச் செல்கள் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யச் சொல்வது தைராய்டு ஹார்மோன். பிறப்புக்கு முந்தைய நாட்களில் குட்டியின் இரத்தத்தில் இந்த ஹார்மோன் ஏறத் தொடங்கி, பிறந்த சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அந்த ஏற்றம் இல்லாத குட்டிக்குப் பழுப்புக் கொழுப்பு இருந்தும் பயனில்லை.

நான்கு அயோடின், மூன்று அயோடின்

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1811-இல் பெர்னார்ட் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டெடுத்தார். 1895-இல் ஜெர்மனியின் பவுமன் அந்த அயோடின் தைராய்டு சுரப்பிக்குள்ளும் இருப்பதைக் கண்டு தாமே நம்ப முடியாமல் திகைத்தார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் அந்தச் சுரப்பியின் ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுதான் தைராக்ஸின். ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் சுருக்கமாக டி-4 என்கிறார்கள். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். உடம்பில் வேறெந்த முக்கிய வேலைக்கும் அயோடின் தேவைப்படுவதில்லை. இந்த ஒரு வேலைக்கு அது இல்லாமல் நடக்காது.

அயோடின் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை விரட்டுகிறது: ‘இன்னும் செய், இன்னும் செய்.’ மூலப்பொருள் இல்லாமல் சுரப்பி என்ன செய்யும்? செல்களைப் பெருக்கிப் பெருக்கி வீங்குகிறது. அதுவே முன்கழுத்துக் கழலை. இமயமலை அடிவாரத்தில் மனிதருக்கும் ஆட்டுக்கும் ஒன்றுபோல் இது காணப்பட்டது. காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் வி. ராமலிங்கசாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை வடிகிறது என்று காட்ட, 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால், குட்டிக்கும் தாய்க்கும் அயோடின் கொடுங்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம்.

முடியவில்லை. ஏனென்றால் தைராக்ஸின், அதாவது டி-4, நேரடியாக வேலை செய்யும் ஹார்மோன் அல்ல. அதிலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி, மூன்று அயோடின் உள்ள டி-3 ஆக்கிய பிறகுதான் அது செல்லின் உட்கருவுக்குள் போய் உத்தரவு போடும். கழற்றுகிற வேலை தைராய்டு சுரப்பியில் கொஞ்சமாகவும், கல்லீரல், சிறுநீரகம், பழுப்புக் கொழுப்பு ஆகியவற்றில் பெருமளவிலும் நடக்கிறது. அதைச் செய்யும் நொதியை ‘அயோடின் கழற்றி’ என்று இங்கே அழைப்போம்.

குதிரில் நெல், உலையில் அரிசி

இந்த அயோடின் கழற்றி எதனால் ஆனது என்பது 1990, 1991-ஆம் ஆண்டுகளில்தான் தெரிந்தது. பெர்லின், ஸ்காட்லாந்தின் அபர்டீன், அமெரிக்காவின் பாஸ்டன் என்று மூன்று ஊர்களின் ஆய்வுக்குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரே விடைக்கு வந்தன: நொதியின் மையத்தில் ஒரு செலினியம் அணு உட்கார்ந்திருக்கிறது. செலினியத்தை அதுவரை கால்நடை மருத்துவர்கள் வேறு காரணத்துக்காக அறிந்திருந்தார்கள். அது குறைந்தால் ஆட்டுக்குட்டியின் தசை வெளுத்துச் செத்துப்போகும். ‘வெள்ளைத் தசை நோய்’ என்று அதற்குப் பெயர். தைராய்டோடு அதற்கு உறவு இருக்குமென்று நெடுங்காலம் யாரும் எண்ணவில்லை.

நெல்லையும் அரிசியையும் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். டி-4 நெல், டி-3 அரிசி, செலினியம் உள்ள நொதி அரவை இயந்திரம். அயோடின் இல்லாவிட்டால் விளைச்சலே இல்லை, குதிர் காலி. செலினியம் இல்லாவிட்டால் குதிர் நிறைய நெல் இருக்கிறது, உலையில் போட அரிசி இல்லை. இரண்டு வீட்டிலும் பசிதான். ஆனால் குதிரை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இரண்டாவது வீடு வளமான வீடாகத் தெரியும்.

எட்டிப் பார்த்தல் என்பது இங்கே இரத்தப் பரிசோதனை. அயோடின் குறைந்த விலங்கின் இரத்தத்தில் டி-4 சரிகிறது. இருக்கிற அயோடினைச் சிக்கனமாகச் செலவழிக்க உடல் டி-3-ஐ நேராகவே அதிகம் செய்யப் பார்ப்பதால் டி-3 அவ்வளவாகச் சரிவதில்லை. செலினியம் குறைந்த விலங்கில் இது தலைகீழ்: மாற்ற ஆளில்லாமல் டி-4 தேங்கி உயர்கிறது, டி-3 குறைகிறது. டி-4 மட்டும் அளந்தால் செலினியப் பற்றாக்குறையுள்ள குட்டி நல்ல ஆரோக்கியமாகத் தோன்றும். அளவீடு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி. அயோடின் ஒன்றையே கட்டிக்கொண்டு பேசுவதில் எனக்குள்ள தகராறு இதுதான்.

ஒரு மறுப்பை இங்கேயே பார்த்துவிட வேண்டும். செலினியம் குறைந்தால் உடல் அதைப் பங்கிடுவதில் ஒரு முறை வைத்திருக்கிறது. மூளைக்கும் தைராய்டுக்கும் முதல் பங்கு. கல்லீரல்தான் முதலில் பட்டினி கிடக்கிறது. ஆகவே கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது என்று வாதிடலாம். கொட்டகையில், வெதுவெதுப்பில், வேளாவேளைக்குத் தீனி தின்று வளரும் ஆட்டுக்கு அந்த வாதம் பொருந்தும். பிறந்த குட்டிக்குப் பொருந்தாது. சில மணி நேரத்துக்குள் டி-3-ஐ உச்சத்துக்கு ஏற்றியாக வேண்டிய கட்டாயத்தில் அது இருக்கிறது. அந்த வேகத்துக்குக் கல்லீரலின் நொதியும் வேண்டும். சாதாரண நாளில் தெரியாத குறை நெருக்கடி நாளில் தெரிந்துவிடும்.

மற்ற நுண்தாதுக்களுக்கும் இந்தச் சங்கிலியில் இடமுண்டு. அயோடினை ஹார்மோனோடு கோக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். டி-3 போய் அமரும் உட்கரு ஏற்பிக்குத் துத்தநாகம் இல்லாவிட்டால் வடிவமே நிற்காது. செம்பு நேரடியாக இந்தச் சங்கிலியில் இல்லை. ஆனால் உத்தரவு வந்த பிறகு எரிக்கும் உலையில், அதாவது செல்லின் மூச்சு நொதியில், செம்பு இருக்கிறது. 1937-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பென்னட்ஸ் என்ற கால்நடை மருத்துவர், பின்னங்கால் தள்ளாடி விழும் ஆட்டுக்குட்டிகளின் நோய் தாயின் செம்புக் குறையால் வருவது என்று நிறுவினார். குட்டியின் நோய்க்குத் தாயின் தீனியில் காரணம் தேட வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம்.

தாய் தராதது, தாய் தருவது

மனிதக் கருவுக்குத் தாயின் தைராக்ஸின் ஓரளவு போய்ச் சேர்கிறது. செம்மறி ஆட்டில் அப்படியில்லை. அதன் நஞ்சுக்கொடி பல அடுக்குகள் கொண்டது. தாயின் தைராய்டு ஹார்மோனை அநேகமாக உள்ளே விடுவதில்லை. அயோடினை மட்டும் தாராளமாக, தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடச் செறிவாகவே குட்டியிடம் கடத்துகிறது. செய்து முடித்த பொருளைத் தாய் கொடுப்பதில்லை, மூலப்பொருளைத்தான் கொடுக்கிறது. சினையின் மூன்றில் ஒரு பங்கு கடந்ததுமே குட்டியின் சுரப்பி சொந்தமாக வேலையைத் தொடங்கிவிடுகிறது. தாயிடம் அயோடின் இல்லாவிட்டால் தாய் ஆடு நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே குட்டி வயிற்றுக்குள் வறண்டுபோகும்.

இது ஊகமல்ல. 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பேசில் ஹெட்செலும் அவருடைய குழுவினரும் செம்மறி ஆடுகளுக்கு அயோடின் மிகக் குறைந்த மக்காச்சோளத் தீனியைக் கொடுத்துச் சினைப்படுத்தினார்கள். பிறந்த குட்டிகளுக்குக் கழலை இருந்தது, உரோமம் வளரவில்லை, எலும்பு முதிரவில்லை, மூளை சிறுத்திருந்தது. மூளையின் எடைக்குறைவு சினையின் 70-ஆம் நாளிலேயே தென்பட்டது. 100-ஆம் நாளில் தாய்க்கு அயோடின் கலந்த எண்ணெயை ஊசியாகப் போட்டபோது குட்டிகள் ஓரளவு மீண்டன. இந்தச் சோதனை ஆட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. மலைநாட்டு மக்களின் குழந்தைகளுக்கு வரும் மூளை வளர்ச்சிக் குறையை விளங்கிக்கொள்ளச் செய்யப்பட்டது. அயோடின் குறைவென்றால் கழுத்து வீக்கம் மட்டுமே என்ற பார்வை மாறியதில் ஆட்டுக்குட்டிகளுக்குப் பெரிய பங்குண்டு.

நம் ஆட்டுக்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பளி ஆட்டுக் குட்டி மொட்டையாகப் பிறந்தால் யாருக்கும் தெரியும். மெட்ராஸ் சிவப்புக் குட்டிக்கு இயல்பிலேயே மயிர் குட்டை. அந்த அடையாளத்தை நம்பி இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. நூல்களில் எழுதியிருக்கும் நோய்க்குறிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் கம்பளி ஆட்டைப் பார்த்து எழுதியவை.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறோம்?

அயோடின் குறை மலைநாட்டு நோய், சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் திருத்தணிக்கு அது எப்படி வரும் என்பது நியாயமான கேள்வி. கடற்காற்றும் மழையும் அயோடினைக் கொண்டுவருவது உண்மையே. ஆனால் மண்ணில் விழுந்த அயோடின் எல்லாம் புல்லுக்கு வந்துவிடாது. இரும்பு ஆக்சைடு மிகுந்த செம்மண் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தாங்கள் கடற்கரைக்காரர்கள் என்று நம்பியிருந்த பல மாவட்டங்களிலும் மனிதர்களிடையே கழலை கண்டறியப்பட்டது. இந்தியாவில் ஆய்வு நடந்த எந்த மாநிலமும் அயோடின் குறையிலிருந்து விலக்குப் பெறவில்லை.

இதைவிட முக்கியமான காரணம் புல்லின் இயல்பிலேயே இருக்கிறது. துத்தநாகமோ செம்போ மண்ணில் குறைந்தால் பயிர் வெளுக்கும், கருகும். உழவர் கண்ணில் படும். அயோடினோ செலினியமோ புல் பூண்டுகளுக்குத் தேவையே இல்லை. அவை அறவே இல்லாத மண்ணிலும் புல் பச்சைப் பசேலென்று வளரும். மேய்ச்சல் நன்றாக இருக்கிறது என்று சொல்வதால் இந்த இரண்டைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது. வயிறு நிறைந்த ஆட்டின் குட்டி வாடுவதில் உள்ள முரண் இங்கேதான் அவிழ்கிறது.

அடுத்த கேள்வி உப்பைப் பற்றியது. ஆட்டுக்குக் கல்லுப்பு வைக்கிறோமே, கடல் உப்பில் அயோடின் இருக்குமே? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் 0.05 முதல் 0.06 மில்லிகிராம் வரை அயோடினும் இருக்கின்றன. ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 28 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். அதிலுள்ள அயோடின் முழுவதும் உப்போடு தங்கினாலும் ஒன்றரை மில்லிகிராம் சொச்சத்தைத் தாண்டாது. உண்மையில் பெரும்பகுதி படிகத்தில் சேராமல் பாத்தியில் வடியும் கசப்புநீரோடு போய்விடுகிறது. கடையில் விற்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, கல்லுப்பில் அயோடின் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்பதற்கு விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை உண்டு. கால்நடைக்கு விற்பதற்கு அந்தத் தடை இல்லை.

இனி ஒரு தாய் ஆட்டின் கணக்கு. மெட்ராஸ் சிவப்புப் பெட்டை 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 800 கிராம் உலர்தீனி தின்னும். கிலோ தீனிக்கு அரை மில்லிகிராம் அயோடின் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை; அப்படியானால் நாளுக்கு 0.4 மில்லிகிராம். புல்லில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் 0.16 வந்துவிடும். வீட்டு அயோடின் உப்பு 10 கிராம் நக்கினால் இன்னொரு 0.15. கூட்டினால் 0.31. அப்போதும் நாலில் ஒரு பங்கு குறைகிறது. கல்லுப்பை நக்கினால் 0.16-லேயே நிற்கிறது, பாதிகூட இல்லை. சினை முழுவதற்கும் தேவைப்படும் மொத்த அயோடின் வெறும் 60 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவுக்காகவா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். சிறிய அளவு என்பதால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

புண்ணாக்கில் உள்ள தடை

மேலே போட்ட கணக்கில் ஒரு தாராளம் ஒளிந்திருக்கிறது. வயிற்றுக்குள் போன அயோடின் எல்லாம் சுரப்பிக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டோம். வழியில் தட்டிப் பறிக்கும் பொருட்கள் தீனியிலேயே உண்டு. இவற்றைக் ‘கழலையாக்கிகள்’ எனலாம். இதில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு சென்னையிலேயே நடந்தது. 1957-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சீனிவாசன், முட்கல், சர்மா ஆகியோர் எலிகளுக்கு வேர்க்கடலைத் தீனி கொடுத்தபோது தைராய்டு பெருத்தது. கடலையின் சிவப்புத் தோலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள் உடலுக்குள் சிதைந்து, ஹார்மோனுக்குப் போக வேண்டிய அயோடினைத் தானே பற்றிக்கொள்கிறது என்று விளங்கியது. வேகவைத்தாலும் அந்தக் குணம் போகவில்லை. சிறிதளவு அயோடின் கூடுதலாகக் கொடுத்ததும் போய்விட்டது. தோலோடு ஆட்டிய கடலைப் புண்ணாக்கு திருத்தணிப் பக்கத்துப் பட்டிகளில் சினை ஆட்டுக்கு வைக்கும் நல்ல தீனி. அதை நிறுத்தச் சொல்வது மடமை. அதன் புரதத்துக்கு ஈடு எளிதில் கிடைக்காது. புண்ணாக்கு வைக்கிறவர் அயோடினையும் சேர்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்பிலும் இப்படி ஒரு பொருள் உண்டு. சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பே முதன்மை உணவாக உள்ள மக்களின் கழலைக்கு அது துணைபோவதாக 1980-களில் கண்டறிந்தார்கள். மரவள்ளி இலையிலும் இளஞ்சோளத்திலும் உள்ள சயனைடுச் சேர்மங்கள் கொல்லாத அளவில் உள்ளே போனால், உடல் அவற்றைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது அயோடின் சுரப்பிக்குள் நுழையும் வாயிலை அடைத்துக்கொள்கிறது. வேலியோரச் சூபாபுல், அதாவது சவுண்டல், இன்னும் விசித்திரமானது. அதன் மைமோசின் ஆட்டின் இரைப்பையில் சிதைந்து கழலையாக்கியாகிறது. ஆஸ்திரேலிய ஆடுமாடுகள் அதைத் தின்று நலிந்தன. ஹவாய்த் தீவு வெள்ளாடுகள் அதையே தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் காரணம் ஹவாய் ஆட்டின் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியா என்று கண்டு, 1983-இல் அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்க் கால்நடைகளுக்குப் புகட்டினார். சிக்கல் தீர்ந்தது. பின்னர் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

நாட்டு ஆட்டுக்கு இதெல்லாம் தேவையா?

நம் நாட்டு இனங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் தின்று பழகியவை, அவற்றுக்கு மருந்துக்கடைச் சரக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எதிர்ப்பில் பாதி நியாயம் இருக்கிறது. சிறிய உடல், மெதுவான வளர்ச்சி, ஒற்றைக் குட்டி: எல்லாமே தேவையைக் குறைக்கும் குணங்கள். தழை, காய், நெற்று என்று பலதையும் கடிக்கும் வழக்கமும் ஒரு காப்பு. ஆழ வேரோடிய மரம் மேல்மண்ணில் இல்லாததையும் இழுத்துத் தரும். ஆனால் பழகிய இனமும் செலினியம் இல்லாமல் அயோடின் கழற்றியைச் செய்ய முடியாது. பழக்கம் தேவையைச் சுருக்கலாம், ரசாயனத்தை மாற்றாது. அதோடு, அந்த ஆடுகள் பழகிய வாழ்க்கையே இன்று இல்லை. கிடை போட்டு ஊர் ஊராக நகர்ந்த மந்தை, பல மண்ணின் புல்லைத் தின்றது. ஒரு மண்ணின் குறையை மற்றொன்று ஈடுகட்டியது. மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கி, ஒரே நாலு காட்டைச் சுற்றி வரும் மந்தைக்கு அந்த ஈடு கிடையாது.

அப்படியானால் எல்லாத் தாதுக்களையும் அள்ளிப் போட்டுவிடலாமா? கூடாது. இது வீண்செலவு என்பதால் அல்ல, ஆபத்து என்பதால். செலினியம் தீனியில் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் போதும். சில மில்லிகிராமுக்கு ஏறினால் நஞ்சு. பஞ்சாபின் ஹோஷியார்பூர் பகுதியில் மண்ணிலேயே செலினியம் மிகுந்திருப்பதால் கால்நடைகளுக்குக் குளம்பு கழன்று விழுகிறது. அயோடினும் மிகுந்தால் கழலை வரும். கடற்பாசியை அளவின்றித் தின்ற குதிரைகளுக்குக் கழலையோடு குட்டிகள் பிறந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் கொடியது செம்பு. செம்மறி ஆடு செம்பைக் கல்லீரலில் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். மாட்டைப்போல் வெளியேற்றத் தெரியாது. ஒரு நாள் கல்லீரல் தாங்காமல் அத்தனையையும் இரத்தத்தில் கொட்ட, மஞ்சள் காமாலையோடு கறுத்த சிறுநீர் கழித்து இரண்டொரு நாளில் செத்துவிடும். மாட்டுக்கென்று கலந்த தாது உப்பை மாதக்கணக்கில் செம்மறிக்கு வைப்பது தவறு. மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது. அதன் காட்டுப்பாக்கம் நிலையம் மெட்ராஸ் சிவப்பு ஆட்டு மந்தைகளோடு நெடுங்காலம் பணியாற்றி வருகிறது. செம்மறிக்கு எது, எவ்வளவு என்று அங்கேயே கேட்கலாம்.

ஒரு கிராம் சுரப்பி

குளிரில் சாகும் குட்டி எல்லாம் தைராய்டுக் குறையால் சாகிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை சீம்பால் கிடைக்காமலோ, பிரசவம் நீண்டோ, நோய் தொற்றியோதான் சாகின்றன. கழுத்தில் வீக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் தைராய்டு சரி என்று முடிவுகட்டுவதும் தவறு. செலினியக் குறையில் கழலையே வராமல் போகலாம். குளிர்காலந்தோறும் ஒரே பட்டியில் குட்டிகள் எழ முடியாமல் சாகின்றன, சீம்பால் குறையவில்லை, தாய்க்குத் தீனியும் குறையவில்லை என்றால், அந்தப் பட்டியில் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க முதல் படிக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: பிறந்த குட்டியின் உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராமுக்கு மேல் தைராய்டு சுரப்பி இருந்தால் அயோடின் குறையைச் சந்தேகி. இரண்டரை கிலோ குட்டிக்கு அது சரியாக ஒரு கிராம். நகைக்கடைத் தராசு போதும். செலினியத்துக்கு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது டி-4-ஐ மட்டும் கேட்காமல் டி-3-ஐயும் சேர்த்துக் கேட்க வேண்டும். மந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும் காலம் சினையின் கடைசி இரண்டு மாதம். திருத்தணிக் கணக்கில் தீபாவளியை ஒட்டிய நாட்கள். குட்டி விழுந்த பிறகு கொடுப்பது அந்தக் குட்டிக்கு உதவாது. ஆகவே இந்த மார்கழியில் குட்டி இறந்து பிறந்தாலோ, பிறந்து இறந்தாலோ, உடனே புதைத்துவிடாதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், கழுத்தைத் திறந்து அந்தச் சுரப்பியை எடைபோடச் சொல்லிக் கேளுங்கள்.